மெலிந்த பிறகு சொல்லும் பொய்

அன்புள்ள அம்மாவுக்கு,

சில வருடங்களாக உங்களை வாசித்து வருகிறேன். இது எழுத்தைப் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும். அடுத்த மாதம் எனக்கு எடைக் குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன். ஆபீஸில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஹெர்னியா என்று சொல்லிவிடு என்கிறார் கணவர். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் 'குறுக்குவழி' என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே தோன்றுகிறது. எங்கள் டீமில் என்னைப் போலவே பருமனான இன்னொரு பெண் இருக்கிறாள். நாங்கள் இருவரும் சேர்ந்து எத்தனையோ டயட் தொடங்கிக் கைவிட்டிருக்கிறோம். வேறு யாரிடம் சொன்னாலும் அவளிடம் சொல்ல முடியாது என்று படுகிறது. திரும்பி வந்த பிறகு கேட்பவர்களிடம் 'வாக்கிங் போகிறேன்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

வயதில் என் மகளாக இருக்கக்கூடியவள் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் இன்னொரு கடிதம் போடு.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லீவுக்கு முன்னால் நீ யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. "ஒரு ஆபரேஷன் இருக்கிறது, மூன்று வாரத்தில் வந்துவிடுவேன், அதுவரை என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார்." முடிந்தது. மேனேஜருக்குத் தேவை தேதிகள். எச்.ஆருக்குத் தேவை மெடிக்கல் சர்டிபிகேட். அதில் 'வயிற்றில் அறுவைசிகிச்சை' என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார். காப்பீடு ஆபீஸ் வழியாக எடுத்தது என்றால் அந்தக் காகிதங்கள் யார் யார் கைக்குப் போகும் என்பதையும் முன்பே விசாரித்து வை. "என்ன ஆபரேஷன்?" என்று குடைகிறவர்களிடம் "அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை, பயப்பட ஒன்றுமில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல். மறுபடியும் கேட்டால் அதே வாக்கியத்தைச் சிரிக்காமல் சொல்.

ஹெர்னியா வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடு. எந்த ஆபீஸிலும் ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் இருப்பார். அவர் உன் மேசைக்கு வந்து, எந்தப் பக்கம், வலை வைத்தார்களா, இருமினால் வலிக்கிறதா என்று அன்போடு விசாரிப்பார். நீ திருதிருவென்று விழிப்பாய்.

பக்கத்தில் உட்காரும் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருப்பது நல்லது. இதை ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, உன் உடம்புக்காகச் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் தண்ணீரைக்கூட மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும். உடம்பில் நீர் வற்றினால் தலை சுற்றும். தலைவலி என்று நீ நெற்றியைப் பிடித்தால் நாலு பேர் மாத்திரையோடு வருவார்கள். ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றைப் புண்ணாக்கக்கூடும், டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் போடக் கூடாது. நாலு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. மதியம் சில கவளத்தோடு சாப்பாட்டை மூடிவைப்பாய், சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கமாட்டாய். மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும். பிறகு முளைத்துவிடும், ஆனால் அதற்குள் உனக்கு ஏதோ பெரிய நோய் என்று ஒரு கதை கிளம்பியிருக்கும். அதை ஒரே அதட்டில் அடக்க விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

 

இனி திட்டப்போகிறேன். 'குறுக்குவழி' என்று யாரோ சொல்வார்களாம், அதில் நியாயம் இருக்கிறதாம். எந்த நியாயம்? கல்லீரல் சுருங்கவேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம்வரை திரவ உணவிலேயே இருக்கச் சொல்வார்கள். பிறகு இரைப்பையில் முக்கால் பங்கு அளவுக்கு வெட்டி எடுப்பார்கள். மறுபடியும் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது என்று பச்சைக்குழந்தைபோல் சாப்பிடப் பழக வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும். இத்தனையும் செய்துகொள்ளப் போகிற நீயே இதைக் குறுக்குவழி என்றால், சும்மா உட்கார்ந்திருக்கிறவன் ஏன் சொல்லமாட்டான்? அழகுக்காகச் செய்துகொள்கிறாள் என்பவர்களுக்கும் ஒன்று. ஸ்வீடனில் 1987இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பருமனானவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்பது 2007இல் வெளியான முடிவு. ஆபரேஷன் என்றால் ஆபத்தும் உண்டு, அதையெல்லாம் உன் டாக்டர் சொல்லியிருப்பார். அழகு என்று அதைச் சுருக்க முடியாது, அவ்வளவுதான்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே உன் கடைசி வரிகளுக்காக. அந்த இன்னொரு பெண். அப்புறம் அந்த 'வாக்கிங்'.

நான் வேலைபார்த்த ஆபீஸ் ஒன்றில் ஒருத்தி நீண்ட லீவில் போனாள். திரும்பி வந்தபோது முகம் சற்றே வாடியிருந்தது. பிறகு மாதா மாதம் கண்முன்னே மெலிந்தாள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. "எப்படி?" என்று கேட்காத ஆளில்லை. "காலையில் ஒரு மணி நேரம் நடை, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன்" என்பாள். முதலில் கூச்சத்தோடுதான் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூச்சம் போய்விட்டது. அப்புறம் மற்றவர்களுக்கு யோசனை சொல்லத் தொடங்கினாள். மனம் வைத்தால் முடியும் என்றாள்.

அவளுக்கு அடுத்த மேசையில் சிறுவயதிலிருந்தே பருமனான ஒரு பெண். நல்ல உழைப்பாளி, கணக்கில் ஒரு பைசா பிசகாது. அவள் இதை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? கண்ணெதிரே சாட்சி உட்கார்ந்திருக்கிறதே. நடந்தாள். ராத்திரிப் பட்டினி கிடந்தாள். கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது, பிறகு போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. முழங்கால் வலியில் படி ஏற முடியாமல் ஆனது. அதுவரை அவள் உடம்பைப் பற்றி வாய் திறக்காதவர்கள்கூட, "அவளால் முடிந்தது, உனக்கு என்ன கேடு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்கள். அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில் முதலாமவளைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், அது ஆபரேஷன்தான் என்றாள், சாதாரணமாக. "பக்கத்து மேசைக்காரியிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நான் யாரையும் நடக்கச் சொல்லவில்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளை முழுக்க வெறுக்கவும் முடியவில்லை. மெலிவதற்கு முன்பு அதே ஆபீஸில் அவள் வாங்கிய கேலியும் எனக்குத் தெரியும். அவள் பயந்துதான் பொய் சொன்னாள். ஆனால் அந்தப் பொய்யின் விலையை அவள் கொடுக்கவில்லை, அடுத்த மேசைக்காரி கொடுத்தாள்.

லீவுக்கு முன்னால் நீ எதை மறைத்தாலும் அது உன்னோடு முடிந்துவிடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மெலிந்த பிறகு 'வாக்கிங்' என்று சொன்னால் அது நேராக அந்தப் பெண்ணின் தலையில் போய் இறங்கும். நீங்கள் இருவரும் சேர்ந்து தோற்ற ஒரு விஷயத்தில், இப்போது அவள் மட்டும் தோற்றவள் ஆவாள். நீயே அவளுக்கு எதிரான சாட்சி ஆவாய்.

மனஉறுதி என்று பேசுகிறவர்களுக்காக ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல், ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பருமனானவர்கள் இல்லை. போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று கொள்கைக்காக மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள். நாடே போர் போர் என்று கிடந்தபோது முடியாது என்று சொன்னவர்களுக்கு மனஉறுதி குறைவா? உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. கூடவே மனமும் சுருண்டது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சாப்பாட்டுப் பேச்சு. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி அவர்களில் பலருக்கு நெடுநாள் இருந்தது.

எடை இறங்கினால் உடம்பு அதைப் பஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. சக்திச் செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். டயட்டில் இளைத்தவர்களுக்கு அது ஏறுகிறது. உனக்கு ஸ்லீவில் வெட்டி எடுக்கப்போவதில் அந்த மேல்பகுதியும் சேர்த்தி, அதனால் உனக்கு இறங்கும். இப்போது சொல், நீயும் உன் தோழியும் இனி ஒரே பசியோடா சாப்பாட்டின் முன் உட்காரப்போகிறீர்கள்? அவள் பசியோடு நடப்பாள், நீ பசி அடங்கி நடப்பாய். இரண்டையும் 'வாக்கிங்' என்ற ஒரே பெயரில் அழைத்தால் அது அநியாயம் இல்லையா?

எல்லோரையும் கூட்டிவைத்து அறிவிக்கச் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்டால் "டாக்டர் உதவியோடு" என்று சொல். அது முழு உண்மை இல்லை, ஆனால் யாரும் அதை நம்பி ராத்திரிப் பட்டினி கிடக்கமாட்டார்கள். அதற்கு மேல் தோண்டினால் பேச்சை மாற்று. உன்னைக் காட்டி யாராவது மற்றவர்களுக்கு வாக்கிங் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினால் மட்டும் சும்மா இருக்காதே.

தோழி விஷயம் வேறு. லீவில் போவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடு. சொல்ல முடியாது என்கிறாய், ஏன் என்று எழுதவில்லை. அவளை விட்டுவிட்டுத் தனியாகக் கரையேறுகிறோம் என்ற எண்ணமாக இருக்கலாம். அவள் முகம் வாடும், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வேறு யார் வாயிலிருந்தோ கேட்டால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார். சொல்லும்போது "நீயும் செய்துகொள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் கேட்டால் டாக்டர் பெயரைக் கொடு, கேட்காவிட்டால் விடு. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றேனே, அது அவளாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, மறக்குமுன் எழுதிவிடுகிறேன். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடாதே, கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எது வீட்டில், எது ஆபீஸ் டிராயரில் என்று போவதற்கு முன்பே பிரித்து வைத்துக்கொள்.