கணக்கு வருகிறது, கேள்வி வரவில்லை

அன்புள்ள ஐயா,

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு எபேனில் வேலை கிடைத்ததால் போன டிசம்பரில் மொரீஷியஸ் வந்தோம். இப்போது காத்ர் போர்னில் இருக்கிறோம். மகன் ஊரில் ஏழாவது அரையாண்டு வரை தமிழ் வழியில் படித்தவன். கணக்கில் நல்ல மார்க் எடுப்பான். ஜனவரியில் இங்கே கிரேடு 7-இல் சேர்த்தோம். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆசிரியர் பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலிலும் விளக்குகிறார், வீட்டில் நான் தமிழில் சொல்லித்தருகிறேன். வெறும் எண்களாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறான். அதே கணக்கு வாக்கியமாக வந்தால் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். டியூஷனில் 200 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதையும் மனப்பாடம் செய்துவிட்டான், ஒன்றும் மாறவில்லை. இந்த வகுப்புகளுக்கு உண்மையிலேயே தேவையான கணிதச் சொற்கள் எவை? நீங்கள் ஒரு பட்டியல் தர முடியுமா? வீட்டில் தமிழில் சொல்லித்தருவதால்தான் குழம்புகிறான் என்று டியூஷனில் சொல்கிறார்கள். அது சரியா?

ஒரு வாசகி, காத்ர் போர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

இன்னொரு பட்டியல் நான் தரப்போவதில்லை. 200 சொற்களை மனப்பாடம் செய்தும் கேள்வி புரியவில்லை என்றால், சிக்கல் அந்தப் பட்டியலில் இருக்கும் சொற்களில் இல்லை. அதில் இடம்பெறாத சொற்களில் இருக்கிறது.

வாயில் நுழையாத பெரிய பெயர்கள் பிள்ளைகளை அதிகம் படுத்துவதில்லை. குவாட்ரிலேட்டரல், பேரலலோகிராம் போன்றவற்றுக்கு ஒரே பொருள்தான். உங்கள் மகனுக்கு நாற்கரமும் இணைகரமும் தெரியும், படத்தில் விரல் வைத்துக் காட்டினால் முடிந்தது. மீச்சிறு பொது மடங்கை அவன் ஊரிலேயே போட்டிருப்பான். இங்கே புத்தகத்தில் அது எல்.சி.எம்., ஆசிரியர் பிரெஞ்சுக்கு மாறினால் பி.பி.சி.எம். விஷயம் தெரிந்தவனுக்குப் பெயர் மாறுவது பெரிய சுமை இல்லை.

அடுத்தது, தெருவில் ஒரு பொருளும் கணக்கில் வேறு பொருளும் கொண்ட சொற்கள். 12-க்கும் 7-க்கும் என்ன டிஃபரன்ஸ் என்று கேட்டால், ‘ஒன்று இரட்டைப்படை, ஒன்று ஒற்றைப்படை’ என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அவன் சொல்வது தவறே இல்லை, நாம் எதிர்பார்த்தது 5 என்பதுதான் விஷயம். புராடக்ட் என்பது கடையில் பொருள், கணக்கில் பெருக்கி வந்த விடை. பவர், ரூட், டேபிள், வால்யூம், சிமிலர் எல்லாம் இந்த ரகம்தான். சராசரிக்கு அவர்கள் சொல்லும் மீன் என்ற சொல்லைத் தமிழில் எழுதினாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. தமிழிலும் இது உண்டு. பின்னத்தின் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. தேர்தல் சமயத்தில் தொகுதி என்றால் வேறு. அங்கே குழம்பாத பையன் இங்கேயும் பழகிக்கொள்வான்.

உண்மையில் அவனை நிறுத்தி வைப்பவை யாரும் பட்டியலில் சேர்க்காத பொடிச் சொற்கள் என்று நினைக்கிறேன். இன்டு, பை, ஆஃப், டு, லெஸ், அட் லீஸ்ட், ஈச். இவைதான் எந்தச் செயலைச் செய்வது என்று சொல்கின்றன.

இன்டுவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘மூணு இன்டு பன்னெண்டு’ என்றால் பெருக்கல், விடை 36. தமிழ் வழி, ஆங்கில வழி என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இங்கே பாடம் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் மூன்று இன்டு பன்னிரண்டு என்றால், பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை முறை போகும் என்று அர்த்தம். விடை 4. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு செயல்கள்! பெருக்கலுக்கு அவன் ‘டைம்ஸ்’ என்று பழகட்டும். இந்த ஒன்றை மட்டும் இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.

பை இன்னும் வேடிக்கை. ‘12 பை 3’ என்று நாம் சொன்னால் வகுத்தல். ‘5 மீட்டர் பை 3 மீட்டர் அறை’ என்றால் நீளமும் அகலமும், பரப்பளவு கேட்டால் பெருக்க வேண்டும். விலை ‘பை 20 ரூபாய்’ கூடியது என்றால் கூட்ட வேண்டும். அதே விலை ‘டு 20 ரூபாய்’ கூடியது என்றால் எதையுமே கூட்டக் கூடாது, விலையே 20 ரூபாய்தான். இதற்குத் தமிழ் கைகொடுக்கும். 20 ரூபாய் கூடியது, 20 ரூபாயாகக் கூடியது. இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

லெஸ் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்றால் எக்ஸ் − 5. ‘ஃபைவ் இஸ் லெஸ் தேன் எக்ஸ்’ என்றால் 5 < எக்ஸ். அதில் கழித்தலே கிடையாது, ஒப்பீடு மட்டும்தான். ‘ஃபைவ் லெஸ் எக்ஸ்’ என்றால் 5 − எக்ஸ். கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போகிற பையன் முதல் வாக்கியத்துக்கு 5 − எக்ஸ் என்று எழுதிவிடுவான். ‘சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் எக்ஸ்’ என்பதும் அப்படியே. ஆங்கிலம் கழிக்கப்படுவதை முன்னால் சொல்கிறது. தமிழில் எக்ஸிலிருந்து 5-ஐக் கழி என்கிறோம், எழுத வேண்டிய வரிசையும் அதுதான். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘எக்ஸை விட 5 குறைவு’ என்று தமிழில் சொன்னால் அது கழித்தலா ஒப்பீடா என்று தெரியாது. கழித்தலுக்கு ‘எக்ஸில் 5 போனால்’ என்றும், ஒப்பீட்டுக்கு ‘எக்ஸை விட 5 சிறியது’ என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

அட் லீஸ்ட் இரண்டு மொழியிலும் பொறி. குறைந்தது 5 பேர் வேண்டும் என்றால் 5 அல்லது அதற்கு மேல். ‘குறைந்தது’ என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகள் கை தானாகக் குறியைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. ‘4 பேர் வந்தால் போதுமா, 6 பேர் வந்தால் பரவாயில்லையா’ என்று கேட்டால் அவனே திருத்திக்கொள்வான்.

அப்புறம் ஆஃப், அதாவது தமிழில் ‘இதில்’, ‘அதில்’ என்பதில் வரும் ‘இல்’. பின்னத்துக்கும் சதவீதத்துக்கும் பின்னால் வந்தால் அது பெருக்கல். அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. அரையையும் காலையும் பெருக்கிப் பார்த்தால் அதேதான் வரும். நம் பாட்டிமார் பின்னப் பெருக்கலை இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சதவீதத்தில் ‘எதில்’ என்பதுதான் முழு விஷயமும். இங்கே வாட் 15 சதவீதம். வாட் உட்பட 1,150 ரூபாய் என்று ஒரு பில்லைக் காட்டி அதில் வரி எவ்வளவு என்று கேளுங்கள். 1,150-இல் 15 சதவீதம் எடுத்து 172 ரூபாய் 50 சதம் என்பான். அந்த 15 சதவீதம் வரிக்கு முந்தைய விலையில் போட்டது. விலை 1,000, வரி 150. அவன் பெருக்கலில் தவறவில்லை, ‘உட்பட’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டான்.

இந்த இடத்தில் டியூஷன்காரர்கள் ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள். ‘மோர்’ வந்தால் கூட்டு, ‘லெஸ்’ வந்தால் கழி, ‘ஈச்’ வந்தால் பெருக்கு. எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். அண்ணனிடம் 12 லிச்சி இருக்கிறது. அது தங்கையிடம் இருப்பதை விட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை? குறுக்குவழிப்படி 17. சரியான விடை 7. யாரிடம் அதிகம் என்று முதலில் கேட்டால் இந்தத் தவறு வராது. கேள்வியைப் படிக்காமல் தப்பிக்கத்தான் அந்தக் குறுக்குவழி பழக்கும்.

எண்களை எழுதும் விதமும் சொல் மாதிரிதான். அவன் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுவான். இங்கே 100,000. பிரெஞ்சு முறையில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி, மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். பிரெஞ்சுச் செய்தியில் மில்லியார் என்பது ஆங்கிலத்தின் பில்லியன், நம் கணக்கில் 100 கோடி. அதே பிரெஞ்சில் பிலியோன் என்றால் அதைப்போல் ஆயிரம் மடங்கு. பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால், பூஜ்யமும் மிகை எண்தான் என்று வாதாடும். அவர்கள் வழக்கில் அது சரி. உங்கள் மகனின் புத்தகப்படி பூஜ்யம் மிகையும் இல்லை, குறையும் இல்லை. யூடியூபில் அமெரிக்கக் காணொளி பார்த்தால் சரிவகம் டிராப்பிசாய்டு ஆகிவிடும், இங்கே அது டிராப்பீசியம். பரீட்சையில் இங்கத்திய பெயரையே எழுதட்டும்.

கேள்வியின் முதல் சொல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சிம்ப்ளிஃபை என்றால் சுருக்கினால் போதும், எக்ஸின் மதிப்பைத் தேடக் கூடாது. சால்வ் என்றால் தேட வேண்டும். ஹென்ஸ் என்று வந்தால் முந்தைய விடையை வைத்துத்தான் போட வேண்டும்.

தமிழில் சொல்லித்தருவதை நிறுத்த வேண்டாம். புத்தகத்தின் ஆங்கில வாக்கியத்தை அவனே படிக்கட்டும். பிறகு யார், எத்தனை, எதை விட, என்ன தெரிய வேண்டும் என்று தமிழில் உங்களுக்குக் கதையாகச் சொல்லட்டும். ஒரு கோடு இழுத்துத் துண்டுகளாகக் காட்டினாலும் சரி. கணக்கு அதற்கு அப்புறம். விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். கதை சொல்ல வராத இடத்தில் எந்தச் சொல் தடுக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தச் சொற்களை ஒரு நோட்டில், அவை வந்த முழு வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். அவனுக்கு வேண்டிய பட்டியல் அதுதான், அதை வெளியார் யாரும் எழுதித்தர முடியாது.

கிரேடு 9 முடிவில் என்.சி.இ. என்ற தேசியப் பரீட்சை வரும், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை வாரம் ஒருநாள் தலைகீழாகவும் செய்து பாருங்கள். 3(எக்ஸ் + 5) என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பொருத்தமான கேள்வியை அவன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடுத்து 3எக்ஸ் + 5. எக்ஸும் ஐந்தும் சேர்ந்த தொகையின் மூன்று மடங்கா, எக்ஸின் மூன்று மடங்கோடு ஐந்தா? இரண்டுக்கும் வேறு வேறு கேள்வி எழுதத் தெரிந்தால், அடைப்புக்குறி எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அவன் எழுதியதில் ஒன்றிரண்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், போட்டுப் பார்க்கிறேன்.