யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் பெர்சிவல் எவரெட்டின் ‘தி ட்ரீஸ்’ (2021) நாவலைப் படித்து முடித்தேன். எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனின் கொலையிலிருந்து பிறந்த கதை. அதில் பக்கத்துக்குப் பக்கம் கேலி. பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்தேனே என்று கூசினேன். இது செத்தவனை அவமதிப்பதாகாதா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாவலில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மனி என்ற சிற்றூரில் வெள்ளையர்கள் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு சடலத்தின் அருகிலும் ஒரு கறுப்பினத்தவரின் சடலம். அது பிணவறையிலிருந்து மாயமாகி அடுத்த கொலை நடந்த இடத்தில் கிடக்கிறது. செய்வதறியாமல் விழிக்கும் ஷெரீஃபும் (உள்ளூர்க் காவல் தலைவர்), தலைமுறை தலைமுறையாக வெறுப்பை வளர்த்த குடும்பங்களும்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள்.

1955இல் எம்மட் டில் கொலை வழக்கில் உண்மையில் நடந்தது என்ன? குற்றம் சாட்டப்பட்ட ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. நடுவில் குளிர்பானம் குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்றார் ஜூரி உறுப்பினர் ஒருவர். சில மாதங்களில் இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இதைக் கண்ணீர் மல்க எழுதியிருந்தால் நாம் ‘உச்’ கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம். எவரெட் நம்மை அப்படித் தப்பவிடவில்லை என்பதே எனக்கு அவர்மீதுள்ள மதிப்பு.

அந்தப் பெயர்ப் பட்டியல் அத்தியாயத்தைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள். கும்பல்களால் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மட்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. அங்கே கேலி அறவே நின்றுவிடுகிறது. அதுவரை சிரித்துக்கொண்டே வந்ததால்தான் ஒரு பெயரைக்கூடத் தாண்டிப்போக மனம் வரவில்லை. அவற்றைப் பென்சிலால் எழுதும் டேமன் என்ற பாத்திரம், பிறகு ஒவ்வொன்றாக அழித்து அவர்களை விடுவிக்கப்போவதாகச் சொல்கிறது. கறுப்பு நகைச்சுவை, அதாவது சாவையும் கொடுமையையும் வைத்துச் சிரிக்கவைக்கும் எழுத்து, எழுதுகிறவருக்கு எங்கே வாயை மூடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். எவரெட்டுக்குத் தெரிந்திருக்கிறது. (வெள்ளை மாளிகைக் காட்சி மட்டும் மலிவு. நானாக இருந்தால் வெட்டியிருப்பேன்.)

போர் விமானத்தில் குண்டுவீச்சாளராக இருந்த ஜோசஃப் ஹெல்லர், போர்க்கைதியாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் அழிவைக் கண்ட கர்ட் வானகட் ஆகிய நாவலாசிரியர்கள் என்று இந்தக் கறுப்பு நகைச்சுவை மரபு நீள்கிறது. அடுத்ததாக ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘பாஸ்டராலியா’ தொகுப்பில் ‘சீ ஓக்’ கதையைப் படியுங்கள். வாழ்நாளெல்லாம் வாய்திறவாமல் உழைத்துச் செத்த ஓர் அத்தை, அழுகும் உடலோடு திரும்பி வந்து வீட்டாரை அதட்டுகிறாள். படித்துவிட்டு எழுதுங்கள்.