காப்பீட்டு அட்டை போதுமா, அரசு ஆஸ்பத்திரி வேண்டுமா?

மருத்துவத்துக்கு அரசு எவ்வளவு செலவழிக்கலாம், தனியாருக்கு எவ்வளவு இடம் விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டும் இருக்கட்டும். ஆனால் அரசுப் பணம் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே இல்லாத சிகிச்சையை மட்டும் தனியாரிடம் காசு கொடுத்து வாங்கலாம்.

தனியார் மருத்துவம் எங்கள் பக்கம் புதிது இல்லை. நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் 1838லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார்கள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் பல வருடம் அறுவை சிகிச்சை செய்த இடம் அது. அது தர்மப் பணத்தில் வளர்ந்தது. இன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பார்க்கிற ஆஸ்பத்திரிகளில் பலவும் நோயாளியின் கைக்காசில் ஓடுபவை. இரண்டையும் ‘தனியார்’ என்று ஒரே கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். நெஞ்சுவலி வந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம். அது இல்லையென்றால் அவர் இன்று இருந்திருக்க மாட்டார், மனதாரச் சொல்கிறேன். ஆனால் காப்பீட்டு அப்ரூவல் வருவதற்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டெபாசிட் என்று கேட்டதில் சித்தியின் சங்கிலி அடகுக்குப் போனது. அட்டை உள்ளவர்களிடம் முன்பணம் கேட்கக் கூடாது என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

அதைவிடப் பெரிய செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான். மாத்திரைகளை மாதாமாதம் வாங்க வேண்டும், சித்தப்பாவுக்கு அந்தச் செலவு காப்பீட்டு அட்டையில் கிடைக்கவில்லை. மழை பிடித்தால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மழை மாதத்தில் சித்தப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரைப் பட்டையில் பாதி காலியாகாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் சித்திக்குத் தெரிந்தது. அப்புறம் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜில் சீட்டு போட்டுக் காட்டினார்கள். இப்போது மாத்திரைக்குக் காசு இல்லை, பஸ் செலவு மட்டும்தான்.

அந்த இலவச மாத்திரைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1994ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக, கம்பெனிப் பெயர் பார்க்காமல், மருந்தின் பெயரில் டெண்டர் விட்டு வாங்குகிறது. விலை அதனால்தான் குறைகிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவதும் இப்படிப்பட்ட அரசுச் செலவுதான். ஒரு ரூபாய் இவ்வளவு தூரம் வேலை செய்யும் இடத்தை விட்டுவிட்டு, முழுப் பணத்தையும் காப்பீட்டில் போடுவது எந்த வகையில் நியாயம்?

தேசிய அளவில் 2013-14ல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கையிலிருந்து போனது. 2021-22ல் அது 39.4 ஆகக் குறைந்தது. நல்ல இறக்கம்தான், ஆனால் இன்னும் அதிகம். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் 2025க்குள் மருத்துவத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்றது 2017ன் தேசிய சுகாதாரக் கொள்கை. கொரோனா நேரமான 2021-22லேயே 1.84 சதவீதம்தான் வந்தது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. காப்பீட்டு அட்டை அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும். அங்கே ஆபரேஷன் செய்தால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது, கருவி வாங்க உதவுகிறது. அதனால் அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், அட்டையோடு முதலில் ஆசாரிப்பள்ளத்தில் போய்க் கேளுங்கள்.