பெரியப்பா வீடு எலகங்காவில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில்

தர்மபுரியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

இசிஇ கடைசி வருஷம் படிக்கும் மகளுக்குப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். எலகங்காவில் பெரியப்பா வீடு இருக்கும்போது பொண்ணைப் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) விட்டால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்று தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து முடிவெடுத்தால் ஆறு மாதமும் அவதிப்படப் போவது அவள்தான்.

எலகங்கா நகரத்தின் வடக்குக் கோடி, எலக்ட்ரானிக் சிட்டி தெற்குக் கோடி. இடையில் நெரிசலுக்குப் பேர்போன ஹெப்பாள், சில்க் போர்டு சந்திப்புகள். காலை நெரிசலில் போகவே இரண்டு மணி நேரம் ஆகலாம். எலகங்காவுக்கு மெட்ரோவும் இன்னும் வரவில்லை. பெரியப்பா நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடப் போகட்டும். தங்குவதற்கு அந்த வீடு வேண்டாம்.

"பேசாம பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கட்டும்" என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கிவைத்து ராத்திரியெல்லாம் நோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருப்பதும் நீங்கள்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் போகட்டும்.

வேலையில் சேருவதற்கு முன் அவளோடு ஒருமுறை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதைச் செய்வதே இல்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பஸ் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டித்தான் ஊருக்குள்ளே நுழைகிறது. மேம்பாலம் ஏறுவதற்கு முன் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியப்பா வீட்டைவிட அந்த இடம்தான் உங்களுக்குக் கிட்டே.

விடுமுறை நாளில் போகாதீர்கள். வேலை நாளில் போய் ஒரு ராத்திரி தங்குங்கள். நீலாத்ரி ரோடு, தொட்ட தோகூர் பக்கம் பிஜிக்கள் வரிசையாக இருக்கும். ஓனர் பேச்சை விடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போய் அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். தண்ணீர் காவிரியா, போர்வெல்லா, டேங்கரா? ஏப்ரல், மே மாதங்களில் எப்படி? 2024 கோடையில் அந்த நகரம் தண்ணீருக்குப் பட்ட பாடு தெரியுமல்லவா. குளியலறையில் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்திருந்தால் அதுவே பதில். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். அறைக்குள் நின்று போனில் பேசிப் பாருங்கள். கேட் பூட்டும் நேரமும் ஆபீஸ் விடும் நேரமும் ஒத்துவருமா என்று கேளுங்கள்.

அப்புறம் எட்டு மணி வாக்கில் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து அந்த பிஜி வரை இருவரும் நடந்து வாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, பெண்கள் நடமாட்டம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை ஆபீஸ் வாசல் வரை அவள் முன்னே போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. ஓசூர் ரோட்டில் 356 வரிசை பஸ்கள் உண்டு. போர்டில் கன்னடம்தான் பெரிதாக இருக்கும்; எண்ணைப் பார்த்து ஏறப் பழகட்டும்.

பணத்தில் கறாராக இருங்கள். நேரில் பார்க்காத அறைக்கு டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட ஜிபே செய்யாதீர்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்காகத் தனி வீடு எடுக்கவே கூடாது; அங்கே கேட்கும் டெபாசிட் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-இல் வந்த சக்தி திட்டம் கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும்தான். தர்மபுரி முகவரி போட்ட ஆதார் அங்கே செல்லாது. பஸ் காசையும் கணக்கில் சேருங்கள். வாடகையும் போக்குவரத்தும் இன்டர்ன்ஷிப்பில் வரும் ஸ்டைபெண்டைத் தாண்டினால் ஷேரிங்கில் இன்னும் ஓர் ஆளைச் சேர்க்கலாம், கடன் வாங்காதீர்கள்.

எந்த அறை என்பதை அவளே சொல்லட்டும். பெரியப்பாவிடம் பேசவேண்டியது நீங்கள். அதை அவள் தலையில் கட்டாதீர்கள்.