சுவருக்கு முன்னால் கான்

வணக்கம் அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அம்மாயி பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். 2025 நவம்பர் டித்வா புயலில் அந்தத் தோட்டத்து மேட்டு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்பக்கம் மண் சரிந்து சில காம்பரா அறைகள் இடிந்துவிட்டன. அலுவலக நண்பர்களோடு சேர்ந்து பதினைந்து பேர் ஆகஸ்ட் மாதம் முழுக்க அங்கே தங்கி வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று பணம் சேர்த்திருக்கிறோம். ஒருவருக்கும் கட்டட வேலை தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு எத்தனை மூட்டை சீமெந்து பிடிக்கும்? இடியாத காம்பராக்களைப் பூசி பெயின்ட் அடித்தால் போதுமா? பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நூலகமும் போட்டுக் கொடுக்க ஆசை. நாங்கள் நினைப்பது சரிதானா?

உங்கள் வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

அம்மாயி கொழுந்தெடுத்த மலைக்குச் சம்பளத்தையும் லீவையும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிற பேத்தியைப் பார்த்து, இது சரியா பிழையா என்று நான் என்ன சொல்ல? போங்கள். கட்டாயம் போங்கள். மாதமும் நல்ல மாதம். ஆகஸ்டில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காற்றுத்தான் அடிக்கும், மழை குறைவு. ஒக்டோபரில் இடைப்பருவ மழை இறங்குமுன் வேலையை முடித்துவிடலாம். இதே ஆகஸ்டில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று கிளம்பியிருந்தால் தென்மேல் பருவமழைக்குள் மாட்டியிருப்பீர்கள். அந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது.

நூலகம் இப்போது வேண்டாம். பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஈரம் ஊறிய சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த மழையில் பொக்களித்து உரியும், அந்தக் காசுக்கு மணல் வாங்கலாம்.

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு வரி. “ஒருவருக்கும் கட்டட வேலை தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வோம்.” யாருடைய வீட்டில் கற்றுக்கொள்வீர்கள் தங்கச்சி? புளொக் கல் அடுக்குவது பார்க்கச் சுலபம். தூக்குக்குண்டு அரை அங்குலம் விலகிய சுவரை அந்தக் குடும்பம் இருபது வருடம் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கலவை இறுகலாக இருக்கிறது, கரண்டி ஓடவில்லை என்று புதுக் கை இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லீற்றர் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றினால் கொங்கிறீட்டின் பலம் போய்விடும். ஊவாக் காற்றில் மேல்தோல் சீக்கிரம் காயும், காய்ந்துவிட்டது என்று விட்டுவிடுவீர்கள். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். சுவரைக் கட்டத் தெரிந்த கொத்தனாரிடம், நம் மேசன் பாஸிடம் கொடுங்கள். அந்தத் தோட்டத்திலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களுக்கு நாள் சம்பளம் கொடுங்கள். உங்கள் பதினைந்து பேருக்கும் வேறு வேலை இருக்கிறது. நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

கான் வெட்டுங்கள். தண்ணீரைக் கொண்டுபோகிற வடிகால்.

டித்வாவில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதிகம் போனது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில். மலையில் ஆளைக் கொன்றது காற்றல்ல, மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர். சரிவிலுள்ள மண் தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பாரம் ஏறும். அதே நேரம் மண்துகள்களுக்கு நடுவில் தண்ணீர் நிறைந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த பிடி தளரும். பாரம் கூடி, பிடி குறைந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக இறங்கும். அப்போது கீழே நிற்கும் சுவர் நாலு அங்குலமா ஆறு அங்குலமா என்பது கணக்கே இல்லை.

ஒரு லயத்தின் பின்பக்கத்துக்குப் போய் நின்று பாருங்கள். மலையை வெட்டிய மண்மேடு ஒரு பக்கம், லயத்துச் சுவர் மறுபக்கம், நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. பன்னிரண்டு காம்பராவின் பின்கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தச் சந்தில்தான் விழுகிறது. பின்கூரை 120 அடி நீளம், 12 அடி அகலம் என்று வையுங்கள். 100 மில்லிமீற்றர் மழைக்கு அதிலிருந்து மட்டும் 13,000 லீற்றருக்கு மேல் கொட்டும். கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலி கிடையாது, சீமெந்துக் கான் கிடையாது. இருந்தாலும் மண் தூர்ந்து மேலே புல் முளைத்திருக்கும். அத்தனை தண்ணீரும் மேட்டின் அடியில் ஊறி, அத்திவாரத்துக்குக் கீழே போகிறது. காம்பராவின் பின்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் பாசி பிடித்திருப்பது இதனால்தான். அந்தச் சுவருக்கா தங்கச்சி பெயின்ட்?

மேலே தேயிலை மலையிலும் இதே கதை. அந்தக் காலத்தில் மலைக்கு மலை குறுக்குக் கான் வெட்டி, அதில் வண்டல் குழி வைத்து, வருடந்தோறும் ஆள் போட்டுத் தூர் எடுத்தார்கள். இன்று பல தோட்டங்களில் அந்த வேலைக்குப் பேர் போடுவதே இல்லை. தூர்ந்த கான் நிரம்பி, உடைந்த இடத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரே வாய்க்காலாக லயத்தை நோக்கி இறங்குகிறது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கி, முதல் வாரம் லயத்துக்கு மேலேயுள்ள மலையில் அந்தப் பழைய கான்களைத் தேடித் தூர் எடுங்கள். இதற்கு மண்வெட்டி போதும். எடுத்த மண்ணைக் கானின் கீழ்க்கரையில் போட்டு மிதியுங்கள். மேல்கரையில் போட்டால் அடுத்த மழைக்கே திரும்பக் கானுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, மண்மேட்டின் உச்சிக்கு மேலே ஒரு தடுப்புக் கான். மலைத் தண்ணீர் மேட்டு விளிம்புக்கு வருமுன் அதை மறித்து ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோக வேண்டும். இதை வெறும் மண் கானாக விடவே கூடாது. அது தண்ணீரைச் சரியப்போகிற இடத்திலேயே ஊற வைக்கும், கான் இல்லாததைவிட மோசம். அடியும் பக்கமும் சீமெந்து போட வேண்டும். 100 அடிக்கு 1 அடி இறக்கம் வையுங்கள். கண்ணால் பார்த்து மட்டம் சொல்லாதீர்கள், மலைச்சரிவில் கண் ஏமாற்றும். மேசன் பாஸிடம் இருக்கும் மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பத்தடிக்கு ஒரு முளை அடித்துப் பாருங்கள். இறக்கம் குறைந்தால் வண்டல் தங்கும். செங்குத்தாக இறங்க வேண்டிய இடத்தில் படி படியாக இறக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் வேகம் அடியையே தோண்டிவிடும்.

கான் எங்கே போய் முடிகிறது என்பதை வெட்டத் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். ஓடைவரை கொண்டுபோக முடியாவிட்டால் வெட்டாதீர்கள். மேட்டு லயத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கீழே இருக்கும் பணிய லயத்தின் பின்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீரை விடுகிற வேலை நம்மூரில் நிறைய நடந்திருக்கிறது.

மூன்றாவது, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள சந்துக் கான். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, நிதானமாக வாசியுங்கள். சரிந்து வந்த மண் சுவரில் சாய்ந்து நிற்கும். போனதும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை அதை அள்ளிக் கொட்டுவது. தொடாதீர்கள். மேலே நிற்கிற மிச்ச மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பதே கீழே கிடக்கும் அந்த மண்ணாக இருக்கலாம். அடியை அள்ள அள்ள மேலே உள்ளது ஆள் மேலே வரும். மண்சரிவு ஆபத்தைப் பார்த்துச் சொல்லும் அரசாங்கத்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான், மழையில்லாத நாளில், மேலிருந்து கீழாக அள்ள வேண்டும். மேட்டுக்கு மேலே ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். மலையில் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை ஒரு கொப்பியில் தினமும் எழுதி வையுங்கள். வெடிப்புக்குள் களிமண் போட்டு இடித்து, மேலே பொலித்தீன் விரியுங்கள். இடைவெளி கூடினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களைக் கிளப்புங்கள். புதிதாக ஊற்றுக் கிளம்பினாலும், ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலும், மரம் சாய்ந்தாலும், நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று இறுகினாலும் அதே முடிவுதான்.

மேட்டு மண்ணைத் தாங்கக் கல்லுக்கட்டுக் கட்டும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் வெளியே வர வழியில்லாத கல்லுக்கட்டு, பின்னால் தேங்கிய தண்ணீரின் தள்ளலில் அப்படியே குப்புற விழும். நாலைந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பீவீசி குழாய்களை, வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். சல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் ஒரே பருவத்தில் மண் அடைத்துவிடும். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கல்லுக்கட்டைப் பொறியியலாளர் இல்லாமல் தொடாதீர்கள்.

இடிந்த காம்பராவுக்குப் பதிலாகப் புதிய வீடு என்று வந்தால், மலையை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி நிரவி, பாதி வீட்டை வெட்டுமண்ணிலும் பாதியை நிரவுமண்ணிலும் வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள். முன்பாதி வருடா வருடம் அமிழும், நடுச்சுவரில் மேலே அகன்று கீழே ஒடுங்கிய வெடிப்பு விழும். அத்திவாரம் முழுக்க வெட்டின கடுமண்ணில் நிற்க வேண்டும். மலைக்குக் குறுக்காக நீண்டு ஒடுங்கிய வீடுதான் சரிவுக்குப் பொருத்தம். அதற்கு வெட்டும் குறைவு, மேடும் உயராது. மலை நடுவில் தட்டையான, எப்போதும் ஈரமான நல்ல இடம் என்று யாராவது காட்டினால் சந்தேகப்படுங்கள். பழைய சரிவு வந்து படிந்த மண்ணாக இருக்கலாம்.

கூரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லயத்துக் கூரை பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒன்று. ஒரு காம்பராவுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டால் பழைய தகரத்தோடு சேருமிடத்தில் அடுத்த வீட்டுக்குள் ஒழுகும், சண்டை வரும். எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுங்கள், தோட்டத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஊவாக் காற்று தகரத்தைக் கீழிருந்து தூக்கும், அதுவும் ஓரத்திலும் முகட்டிலும்தான் அதிகம். அங்கே ஸ்குரூவை நெருக்கிப் போடுங்கள். ரப்பர் வொஷரோடு, தகரத்தின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் அல்ல. மரத்தைச் சுவருக்கு மேலுள்ள கொங்கிறீட் பீமோடு இரும்புப் பட்டையால் கட்டாவிட்டால் எத்தனை ஸ்குரூவும் வீண். பழைய அஸ்பெஸ்டஸ் இருந்தால் கிறைண்டர் வைக்கவே கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது மீரியபெத்தை நினைவை ஒதுக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய நாள். அந்த மலை ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனம் எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டுக் காணி கிடையாது. கொஞ்சம் காணிக்கும் 550 சதுர அடி வீட்டுக்கும் இன்றும் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே ஒன்று கேட்கிறேன், கையைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆராய்ச்சி நிறுவனம் அந்த லயம் இருக்கும் இடம் ஆகாது என்று எழுதிக் கொடுத்திருந்தால், அங்கே ஒரு கல்லும் வைக்காதீர்கள். நீங்கள் அழகாகத் திருத்திக் கொடுத்த காம்பராவைக் காட்டியே, “வீடுதான் சரியாகிவிட்டதே, காணி எதற்கு?” என்று கேட்பார்கள். சனமும் நம்பி இருந்துவிடும். அப்படியானால் சேர்த்த பணத்தைக் காணி கிடைத்த பிறகு அத்திவாரத்துக்கு வைத்திருங்கள். அதுவரை மழைமானிக்கு ஆள் பழக்குங்கள். வாய் முதல் அடிவரை ஒரே அகலமான போத்தலும் அடிமட்டமும் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் வந்தால் விழிப்பு, 100 வந்தால் மூட்டை கட்டு, 150 வந்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 வந்தாலோ கிளம்பு. இரவில் யார் எழுந்து பார்ப்பது என்று முறை போட்டு, பெயரை வாசல் இஸ்தோப்பில் எழுதி ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தங்குவதற்கு யாருடைய காம்பராவையும் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்கு உங்கள் அரிசி, உங்கள் விறகு. வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் தேத்தண்ணி வரும், அதை மட்டும் மறுக்காமல் குடியுங்கள்.

சீமெந்துக் கணக்குக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக் கணக்கை மேசன் பாஸ் சொல்வார், நான் கான் கணக்குத் தருகிறேன். உள்ளகலம் ஓரடி, ஆழம் 16 அங்குலம், இரண்டு வரி ஆறு அங்குல புளொக், அடிக்கு மூன்று அங்குலக் கொங்கிறீட், உள்ளே பூச்சு. இப்படி 100 அடிக்குப் புளொக் கல் 320, உடைவதையும் சேர்த்து. சீமெந்து 12 முதல் 14 மூட்டை. லொறி தோட்டத்து ரோட்டோடு நின்றுவிடும், மேலே தலைச்சுமைதான். போய்ச் சேர்ந்ததும் மேட்டு உச்சியிலிருந்து ஓடைவரை கயிறு பிடித்து அளந்து, நீளத்தையும் இறக்கத்தையும் எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.