ஐம்பது தாண்டித் தொழில் தொடங்கலாமா? – கேள்வி பதில்

கூட்டுறவுச் சங்கமொன்றில் இருபத்தாறு வருசம் கணக்கு எழுதிவிட்டு, ஐம்பத்திமூன்று வயதில் விசுவமடுப் பக்கம் மிளகாய்த்தூள் அரைக்கிற மில் போட்டவள் நான். இப்ப எட்டு வருசம். நீங்கள் கேட்டு எழுதினவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கொழும்பில் தனியார் கொம்பனியில் வேலை. வாற வருசம் 55. ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்துக் கிளிநொச்சியில் கடை போட யோசிக்கிறன். முழுதையும் போடலாமோ?

வேண்டாம் தம்பி. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் அந்தக் காசு கைக்கு வரும். உங்கட சம்பளத்தில் பிடிச்ச 8 வீதமும் முதலாளி போட்ட 12 வீதமும் வட்டியோடு சேர்ந்தது. பென்சன் இல்லாத ஆளுக்கு வயது போன காலத்தில் சோறு போடுறது அதுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதேங்கோ. அதிலும் பாதியைத்தான் கட்டடம், தளபாடம், மெசின் என்று போடவேணும். மற்றப் பாதி சரக்கு வாங்கக் கையில் கிடக்கவேணும்.

நான் பட்டுத்தான் சொல்றன். முதல் வருசம் இருந்ததெல்லாம் கொட்டகைக்கும் மெசினுக்கும் போட்டிட்டு, செத்தல் மிளகாய் மலிஞ்ச நேரம் நாலு சாக்கு வாங்கக் காசில்லாமல் நின்றன். பிறகு விலை ஏறின சரக்கை வாங்கி அரைச்சன். அந்த வருசம் மிச்சம் ஒன்றுமில்லை. வன்னியில் சனத்தின்ட கையில் காசு புழங்கிறது மாரியில் விளையிற காலபோக நெல் வெட்டு முடிஞ்ச கையோடும், குளத்தில் தண்ணி இருந்தால் கோடைச் சிறுபோகத்துக்குப் பிறகும்தான். நடுவில கடை திறந்திருக்கும், காசு வராது. அந்த மாதங்களைத் தாண்டுற பலம் உங்களிட்ட இருக்கோ என்றுதான் முதல் பார்க்கவேணும்.

கேள்வி: மல்லாவியில் இளைப்பாறிய ஆசிரியை. வீட்டில் அரிசிமா, தூள் வகை செய்து விற்க என்ன பதிவு வேணும்?

ரீச்சர், உங்களுக்கு மாதப் பென்சன் இருக்கிறது பெரிய ஆறுதல். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியவேணும். முதலில் உங்கட கிராம அலுவலரிட்டப் போங்கோ. வியாபார உரிமம் பிரதேச சபையில், அதை வருசாவருசம் புதுப்பிக்கவேணும். சாப்பாட்டுச் சாமான் என்றபடியால் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தைப் பார்ப்பார். பைக்கற்றில் நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, உங்கட விலாசம் எல்லாம் இருக்கவேணும். சிறு தொழில் செய்யிற ஆக்களுக்குத் தொழில்நுட்ப உதவி தாற அரசாங்கத்தின்ட விதாதா வள நிலையத்திலும் ஒருக்கா விசாரியுங்கோ, பொதி செய்கிற விசயத்தில் உதவி கிடைக்கும்.

கேள்வி: புதுக்குடியிருப்பு. வயது 47, கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேர். கச்சான் (நிலக்கடலை) வறுத்து விற்க ஆசை. கிழமைக் கடன் தாறம் என்று வீட்டுக்கே வந்து நிக்கினம். எடுக்கலாமோ அக்கா?

எடுக்காதேங்கோ தங்கச்சி. கச்சான் காசு கிழமைக்குக் கிழமை வராது; கடன்காரர் மட்டும் கிழமைக்குக் கிழமை வருவினம். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்டத் தோடு அடகு என்று போன பெண்களை எனக்குத் தெரியும். உங்கட ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்திலோ சேருங்கோ. அங்க வட்டி குறைவு, கேள்வி கேட்கிறதும் தெரிஞ்ச முகங்கள்.

ஒரு சாக்கோடு தொடங்குங்கோ. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொண்டுபோய் வித்துப் பாருங்கோ. எந்த அளவுப் பைக்கற் ஓடுது, எது மிஞ்சுது என்று ஒரே இரவில் தெரிஞ்சிடும். ஈரக் கச்சானை மட்டும் மலிவென்று வாங்காதேங்கோ. கோதைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் குலுக்கினால் பருப்பு கிலுகிலுக்கவேணும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிச்சால் அதின்ட நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. தின்னப்போறது சின்னப் பிள்ளைகள்.

கேள்வி: வவுனியா, வயது 58. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பிச் சாப்பாட்டுக்கடை போடச் சொல்றான். எனக்கு முழங்கால் நோ.

சாப்பாட்டுக்கடை விடிய நாலு மணிக்கு எழும்புகிற தொழில் அண்ணை. நிக்க ஏலாத ஆளுக்கு அது வேண்டாம். இருந்து செய்கிற தொழில் எதையும் மகனிட்டச் சொல்லுங்கோ.

கேள்வி: சொந்தக்காரர் கடனுக்குச் சாமான் கேட்டால் எப்படி இல்லையென்று சொல்றது? (முள்ளியவளை)

முழுக்க இல்லையென்று சொல்லச் சொல்லமாட்டன். என்னட்ட ஒரு சீ.ஆர். கொப்பி (தடிச்ச மட்டைக் கொப்பி) இருக்கு. ஆளுக்கொரு பக்கம், பக்கத்தின்ட தலைப்பில் பென்சிலால் ஒரு தொகை. அது அந்த வீட்டால் ஒரு போகத்துக்குள் கட்டக்கூடிய அளவு. அதைத் தொட்டால் கொப்பியைத் திருப்பி அவைக்கே காட்டுவன். எல்லாப் பக்கத்தின்ட கூட்டும் நான் சரக்குக்கு வைச்ச காசில் கால் பங்கைத் தாண்ட விடுறதில்லை. 2010இல், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த நேரம், எங்களுக்கும் ஒரு கடைக்காரர் இப்படிக் கொப்பியில் எழுதித்தான் அரிசி தந்தவர். வெட்டு முடிஞ்சு கட்டினபோது எங்கட பக்கத்தை எங்களுக்கு முன்னாலேயே குறுக்கே கீறிவிட்டார். நானும் அப்படித்தான் கீறுறனான்.