பள்ளியில் ராஸ்பெரி பை: மும்பை வாசகர்களின் கேள்விகள்

தாராவியிலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளிக்கு 10 ராஸ்பெரி பை 4 (உள்ளங்கையளவு சிறிய கணினி போர்டு) நன்கொடையாக வந்தன. 10 போர்ட் உள்ள ஒரே யூஎஸ்பி சார்ஜரில் எல்லாவற்றையும் செருகினோம். இரண்டு மூன்று மட்டும் ஓடினால் பிரச்சினை இல்லை. பத்தும் ஓடினால் திரை மூலையில் மின்னல் குறி வருகிறது, சில போர்டுகள் தானாக ரீஸ்டார்ட் ஆகின்றன. போர்டு பழுதா?

இல்லை, மின்சாரம் போதவில்லை. சார்ஜரின் பின்பக்கம் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். 60 வாட் என்றிருந்தால் 5 வோல்ட்டில் அது 12 ஆம்பியர், பத்து போர்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு 1.2. பை 4க்குப் பரிந்துரைப்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். சும்மா இருக்கும்போது அவ்வளவு இழுக்காது. பிரவுசரைத் திறந்ததும் இழுக்கும், அதுவும் பத்து போர்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் கேட்கவே வேண்டாம். போர்டுக்கு வரும் அழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னல் குறி வரும், வேகமும் குறையும்.

சார்ஜரை மாற்றிய பிறகும் குறி வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். மலிவான கேபிளில் பெரும்பாலும் 28 கேஜ் கம்பிதான் இருக்கும் (கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது). ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக சுமார் 0.43 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.64 வோல்ட் காணாமல் போகும். 5.1இல் கிளம்பியது 4.46ஆக வந்து சேரும். அதே நீளத்தில் 20 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். போர்டுக்கு ஓர் அடாப்டர், கேபிள் அதோடு சேர்ந்தே வருவது. இதற்கு மேல் சிக்கனம் பார்க்காதீர்கள். பத்து அடாப்டரும் பத்து மானிட்டரும் சேர்ந்தாலும் 400 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும், சுவர்ப் பாயின்ட் தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகுவதை மட்டும் தவிருங்கள்.

செம்பூர் பெற்றோர்: மகளின் ராஸ்பெரி பை 5க்கு (பை 4க்கு அடுத்த மாடல்) 65 வாட் லேப்டாப் சார்ஜர் போட்டேன். ஆனாலும் மின்சாரம் போதாது என்று எச்சரிக்கை வருகிறதே?

65 வாட் என்பது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டில் அந்தச் சார்ஜர் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். கிடைக்காவிட்டாலும் ஓடும், ஆனால் யூஎஸ்பி போர்ட்களுக்குப் போகும் மின்னோட்டத்தை மொத்தமாக 600 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். கீபோர்டு, மவுஸுக்கு அது போதும். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டுவதானால் 27 வாட் அடாப்டரே வாங்குங்கள்.

சயானிலிருந்து: மாதம் மூன்று மெமரி கார்டாவது கெட்டுப்போகிறது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டில் உள்ள கோப்பமைப்பு குலையும். பிள்ளைகளைத் திருத்துவதைவிட கார்டில் எழுதுவதை நிறுத்துவது சுலபம். மென்பொருளை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு ராஸ்பி-கான்ஃபிக் என்ற பையின் அமைப்புக் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ், அதற்குள் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்பதை இயக்குங்கள். அதன்பின் மாற்றமெல்லாம் ராமில்தான் இருக்கும். திரும்ப ஆன் செய்தால் கார்டு முதல் நாள் இருந்தபடியே எழும். பிள்ளைகள் எழுதிய புரோகிராமும் சேர்ந்து போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். ஆளுக்கொரு பென் டிரைவோ, வகுப்புக்கு ஒரு பகிர்வு ஃபோல்டரோ முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கார்டு போலியாகவும் இருக்கலாம். 32 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி இருப்பதுண்டு. எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். வாங்கிய அன்றே ஓட்டிப் பார்த்தால் கடைக்காரரிடம் பேச முடியும்.

இன்னொன்று: ஒரு 32 ஜிபி கார்டை நகலெடுத்து வேறு பிராண்டின் 32 ஜிபி கார்டில் எழுதினால், சில எம்பி குறைந்து பாதியில் நிற்கலாம். மூலக் கார்டை 16 ஜிபியில் தயாரித்தால் இந்தத் தொல்லை இல்லை. நகலெடுத்தபின் ஒவ்வொரு போர்டின் ஹோஸ்ட்நேமையும் (நெட்வொர்க்கில் அதன் பெயர்) எண்ணிட்டு மாற்றி, அதே எண்ணைப் பெட்டியிலும் ஒட்டுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இணைத்த அன்று ஒரு பை 4 போய்விட்டது. எங்கே தப்பு?

பெரும்பாலும் எக்கோ பின்னில், அதாவது சென்சார் தன் பதிலை அனுப்பும் முனையில். பரவலாகக் கிடைக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 சென்சார் 5 வோல்ட்டில் ஓடும், எக்கோவிலும் 5 வோல்ட்டைத்தான் திருப்பி அனுப்பும். பையின் ஜிபிஐஓ பின்களுக்கு (சென்சார் போன்றவற்றை இணைக்கும் முனைகள்) எல்லை 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ யூனோ போர்டுக்கு எழுதிய பாடத்தை அப்படியே பைக்கு எடுத்தால் இதுதான் நடக்கும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து ஜிபிஐஓவுக்கு ஒரு கம்பி, அதே முனையிலிருந்து 2 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கு. 5 வோல்ட் 3.3 ஆகிவிடும். 2 கிலோ ஓம் இல்லையென்றால் இரண்டு 1 கிலோ ஓமை வரிசையாகக் கோத்தால் சரி.

அதைவிட மோசமானது 1, 2ஆம் பின்கள். முதலாவது 3.3 வோல்ட், இரண்டாவது 5 வோல்ட், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு ஜம்பர் கம்பியின் (இணைப்புக் கம்பி) முனை இரண்டையும் தொட்டால் போர்டு போகும். 5 வோல்ட் தேவையில்லாத பாடங்களில் 5 வோல்ட் தரும் 2, 4ஆம் பின்களுக்குக் கம்பி இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறை மாட்டி வைக்கலாம். கம்பி கோக்கும்போது அடாப்டர் சுவரில் இருக்கக் கூடாது. சரிபார்த்த பிறகு செருக வேண்டியவர் ஆசிரியர்.

போனதா என்று உறுதிப்படுத்த, கார்டை எடுத்துவிட்டு மானிட்டரை டைப்-சி மின் போர்ட்டை ஒட்டிய ஹெச்டிஎம்ஐயில் இணைத்து மின்சாரம் கொடுங்கள். நல்ல பை 4 கார்டு இல்லாமலே தன் பூட்லோடர் (கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) விவரங்களைத் திரையில் காட்டும். திரை இருண்டே இருந்து சிப் கொதித்தால் ஆசையை விட்டுவிடலாம்.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தால் பாதி சர்க்யூட் வேலை செய்வதில்லையே?

மும்பை ஈரக் காற்றில் முதலில் கெடுவது ஜம்பர் கம்பியும் பிரெட்போர்டும்தான் (சாலிடர் இல்லாமல் சர்க்யூட் கோக்கும் துளைப் பலகை). விலை குறைந்த கம்பிகள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு. கம்பியின் நடுப்பகுதியை ஒரு காந்தத்திடம் கொண்டுபோங்கள், ஒட்டினால் அடுத்த முறை வேறு வாங்குங்கள். மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஏசி அறையிலிருந்து எடுத்த போர்டில் உடனே மின்சாரம் பாய்ச்ச வேண்டாம், அரை மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள்.

இணைய இணைப்பு வந்தும் எந்தத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது.

தேதியைப் பாருங்கள். பை 4இல் கடிகார பேட்டரி கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பள்ளி நெட்வொர்க் அந்த நேரச் சேவையைத் தடுத்திருந்தால் பழைய தேதியிலேயே நிற்கும், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் தமிழிலேயே பைத்தான் மொழியில் புரோகிராம் எழுத முடியுமா?

பாதி முடியும். பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும், மதிப்பெண் = 45 என்று எழுதலாம். இஃப், ஃபார் போன்ற கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். தானி (Thonny) என்ற பைத்தான் எடிட்டரில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். அது பிள்ளைகளின் தப்பு இல்லை, திரையில் எழுத்தைக் காட்ட தானி பயன்படுத்தும் டிகே (Tk) நூலகம் பை ஓடும் லினக்ஸில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. கீனி (Geany) எடிட்டரில் ஒழுங்காகத் தெரியும்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றெழுத்துதானே என்று வகுப்பில் ஒரு குரல் கட்டாயம் எழும், அன்றைக்கு யூனிகோடு (கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் முறை) பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.